குறியெதிர்ப்பை

சேலத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். நீளமான கடிதம் இல்லை. "உங்கள் நாவலில் வருகிற கடன்காரன் நானூறு பக்கமும் அழுதுகொண்டே இருக்கிறான். நான் ஒன்பது வருஷமாகக் கடன் அடைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் தினம் ஒரு வேளையாவது சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நீங்கள் கடன் வாங்கியதே கிடையாதோ?"

கடைசி வரிதான் சுட்டது. ஏனென்றால் அந்தக் கடிதம் வந்தபோது நான் ஏற்காட்டில் இருந்தேன்; ஏற்காட்டில் இருந்ததே கடனால்தான். அவர் குறை சொன்ன அதே நாவல்தான் என்னைக் கடன்காரனாக்கியது. ஒரு பதிப்பகத்தார் கையெழுத்துப் பிரதியை இரண்டு வருஷம் வைத்திருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மனைவியின் நகைகளை வங்கியில் வைத்தேன். அது போதவில்லை. வேறொரு வங்கியில் மாதத் தவணைக்கு வாங்கினேன். அதுவும் போதாமல் மூன்று நண்பர்களிடம் கைமாற்று. நானே அச்சடித்தேன். முந்நூறு பிரதி விற்றது. மிச்சம் எழுநூறும் ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர் போகும் வழியில், உறவினர் ஒருவர் பூட்டி வைத்திருந்த வீட்டின் பின்னறையில் என்னோடுதான் குடியிருக்கின்றன. வீட்டைப் பார்த்துக்கொள்வதற்குப் பதில் வாடகை இல்லை என்று ஏற்பாடு. சிக்கனம் என்று பெயர் சொல்லி மனிதர்கள் செய்கிற காரியங்களில் குளிர்ப் பிரதேசத்துக்குக் குடிபோவதும் ஒன்று என்று யாராவது எழுதினால் நம்பியிருக்க மாட்டேன்.

வாசகருக்கு என்ன பதில் எழுதுவது? அழுகிறவனைத்தான் நான் எழுதினேன். ஆனால் எழுதுகிற காலத்தில் எங்கள் வீட்டிலும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை ஏன் எழுதவில்லை? நம் கதைகளில் கடன்பட்டவனுக்கு இரண்டே முடிவுதான். ஒன்று கயிறு, அல்லது கிணறு. இன்னொன்று கடைசி அத்தியாயத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பெட்டியோடு வந்து நிற்பது. ஏழு குழந்தைகளைக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் குதித்த நல்லதங்காளைப் பாடிப் பாடி நமக்குக் கண்ணீரில் ஒரு ருசி ஏற்பட்டுவிட்டது. நடுவில் இருக்கிற நீளமான காலத்தை, மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டு, மளிகைச் சீட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு, அன்றைக்கும் குழந்தைக்குத் தலை வாரிவிடுகிற காலத்தை, யாரும் எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை.

இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கொண்டுவந்திருந்த ஐந்தாறு புத்தகங்களில் புறநானூற்றை எடுத்தேன். 1894 இல் உ.வே. சாமிநாதையர் அதை அச்சில் கொண்டுவந்த நாள் முதல் நாம் அதை வீரத்துக்கும் கொடைக்கும் என்று இரண்டு பிரிவாக்கி வாசித்து வருகிறோம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கடன்பட்ட குடும்பம். அதைப் பாடியவர் பெருஞ்சித்திரனார்.

அவருடைய 159-ஆம் பாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். வீட்டில் கிழத்தாய். கோலையே காலாக ஊன்றிச் சின்னச் சின்ன அடியாக நடக்கிறாள். முற்றத்தைக்கூடத் தாண்ட முடியவில்லை. இத்தனை வருஷமாகியும் உயிர் போகமாட்டேன் என்கிறதே என்று அதன்மேல் கோபித்துக்கொள்கிறாள். மனைவி குப்பைமேட்டில் முளைத்த கீரையை, ஏற்கனவே கிள்ளிய இடத்தில் மறுபடி துளிர்த்த இளந்தளிரை, கொய்துவந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். மோரில்லை. சோறு என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று. 'கிள்ளிய இடத்தில் மறுபடி துளிர்த்த' என்ற அந்த ஒரு விவரத்துக்காக நான் என் நாவலின் நானூறு பக்கத்தையும் கொடுத்துவிடுவேன். அவள் அந்தக் குப்பைமேட்டுக்கு வருவது முதல் தடவை இல்லை, நேற்றும் வந்தாள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வழியில்லை.

அடுத்த பாட்டில் பையன் வருகிறான். பாலில்லாத மார்பைச் சுவைத்துப் பார்க்கிறான். பிறகு கூழும் சோறும் இருக்கும் என்று ஒன்றுமில்லாத பானையைத் திறந்து பார்த்துவிட்டு அழுகிறான். தாய் என்ன செய்கிறாள்? புலி வருகிறது என்று பயம் காட்டுகிறாள். நிலாவைக் காட்டுகிறாள். இரண்டும் பலிக்காததால் மூன்றாவதாக ஒரு உபாயம்: உன் அப்பாவின் மேல் உனக்கு எவ்வளவு கோபம், எங்கே, அந்த முகத்தைக் காட்டு பார்க்கலாம் என்கிறாள்.

இதைச் சோகக் காட்சி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சோகம்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவள் முகம் எப்படி இருந்திருக்கும்? அழுகிற பிள்ளையிடம் 'அப்பாவை முறைத்துக் காட்டு' என்று கேட்கிற தாய் அழுதுகொண்டு கேட்க முடியாது. அது விளையாட்டு. இல்லாத அப்பாவை வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, பசியைக் கோபமாக மாற்றி, கோபத்தை வேடிக்கையாக மாற்றுகிறாள். அதைக் கேட்டோ நினைத்தோ எழுதியவன் அந்தக் கோபத்துக்கு இலக்கானவனே. தன்னைத்தானே பரிகாசத்துக்கு நிறுத்திக்கொண்ட கவிஞன். சேலத்து வாசகர் வீட்டுச் சிரிப்புச் சத்தம் எனக்கு இந்த இடத்தில்தான் கேட்டது.

இப்போது 163-க்கு வருகிறேன். பாடப்புத்தகம் வரைக்கும் வந்துவிட்ட பாட்டு. குமணனிடம் பரிசில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய புலவர் மனைவியிடம் சொல்கிறார்: உன்னை விரும்பி வந்து தங்குகிறவர்களுக்கும், நீ விரும்புகிறவர்களுக்கும், உன் சுற்றத்தில் மூத்தவர்களுக்கும், குடும்பத்தின் பசி தீர உனக்கு நெடுநாளாகக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும், இன்னார் என்று பாராமல், என்னையும் கலந்துகொள்ளாமல், சேர்த்துவைத்து வாழலாம் என்று நினையாமல், எல்லோருக்கும் கொடு, இது குமணன் தந்த வளம். வள்ளன்மையின் சிகரம் என்று மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள். நானும் வாங்கியிருக்கிறேன்.

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கணக்கு நோட்டை மூடாமலே கேட்டாள். "கடன் குடுத்தவங்க நாலாவதா வர்றாங்களே? அவங்கதானே முதல்ல வரணும்?"

நியாயமான கேள்வி. அறிஞர்கள் யாரும் கேட்டதாகத் தெரியாத கேள்வியும்கூட. எனக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். குறியெதிர்ப்பை என்றால் வட்டிக்கு வாங்கிய கடன் அல்ல. அளவு குறித்துக்கொண்டு ஒரு பொருளை வாங்கி, அதே அளவு திருப்பிக் கொடுப்பது என்று பரிமேலழகர் விளக்குகிறார். ஒரு படி அரிசி வாங்கினால் ஒரு படி அரிசி. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு டம்ளர் சர்க்கரை. அடுப்படிக் கடன். அதிலும் 'உனக்கு' தந்தவர்கள் என்கிறார் புலவர். தமக்கு என்று சொல்லவில்லை.

அதுதான் இந்தப் பாட்டின் முடிச்சு என்று எனக்குப் படுகிறது. இவர் குன்றும் மலையும் தாண்டி அரசர்களைத் தேடித் திரிந்த காலமெல்லாம் வீட்டில் படியை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போனவள் அவள். யாரிடம் எவ்வளவு என்பது அவளுக்குத்தான் தெரியும். 'என்னைக் கலந்துகொள்ளாதே' என்பதைப் பெருந்தன்மை என்றே வாசித்துவிட்டோம். அதில் கொஞ்சம் வெட்கமும் இருக்கிறது. கலந்துகொண்டால் அவருக்கு என்ன தெரியும்? பெயர்ப் பட்டியல் அவளிடம் இருக்கிறது. இன்னும் ஒன்று. விருந்தினருக்கும் உறவினருக்கும் கடன் தந்தவர்களுக்கும் புலவர் ஒரே வினையைத்தான் சொல்கிறார்: கொடு. அடை என்றோ தீர் என்றோ தனியாகப் பிரிக்கவில்லை. தமிழில் இன்றைக்கும் கடனைக் 'கொடுத்துவிட்டேன்' என்றுதான் சொல்கிறோம். தானத்துக்கும் அதே சொல். கடன்காரன் என்பதும் அப்படித்தான். வாங்கியவனும் அவன், கொடுத்தவனும் அவன். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லே காட்டிக்கொடுக்காத ஒரு பாஷை.

இந்த இடத்தில் வள்ளுவரோடு கொஞ்சம் மனஸ்தாபம் வருகிறது. அவருக்கும் குறியெதிர்ப்பை என்ற சொல் தெரியும். ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே அது வருகிறது. ஆனால் மட்டம் தட்டுவதற்காக வருகிறது. இல்லாதவர்க்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பைதான் என்கிறார். திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பில் கொடுத்தது கொடை இல்லையாம். தத்துவமாகச் சரி. ஆனால் கீரைக்கு உப்பில்லாத வீட்டுக்காரி ஒருத்தி கேட்கும்போது, இவள் திருப்பித் தருவாளா மாட்டாளா என்று நிச்சயமில்லாமல் ஒரு படி அளந்து கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி, குமணனுக்கு எந்த விதத்தில் குறைந்தவள்? குமணனிடம் யானை இருந்தது. இவளிடம் இன்னொரு படிதான் இருந்திருக்கும்.

வரவு செலவுக்கும் வள்ளுவர் வழி சொல்லியிருக்கிறார். வரும் வாய்க்கால் குறுகலாக இருந்தாலும் பாதகமில்லை, போகும் வாய்க்கால் அகலாமல் இருந்தால் போதும் என்ற கருத்து. என் மனைவியின் நோட்டு முழுவதும் அதன் உரைதான். ஆனால் இந்தக் குறள் இல்லறவியலில் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பொருட்பாலில், வலியறிதலில் இருக்கிறது. படையெடுக்குமுன் அரசன் தன் பலத்தை எடை போடுகிற அதிகாரம். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள், உள்ள அளவைப் பாராமல் பிறருக்கு உதவுகிறவனின் செல்வம் விரைவில் கெடும் என்று எச்சரிக்கிறது. பெருஞ்சித்திரனாரை எதிரில் உட்காரவைத்துச் சொன்னது போல இருக்கிறது.

யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? இது புத்தகச் சண்டை அல்ல. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி எங்கள் வீட்டில் இந்தச் சண்டை நடக்கிறது. தவணை போனபின் மிஞ்சுவதில் நண்பர் மகள் கல்யாணத்துக்கு மொய் வைப்பதா, வைத்தால் எவ்வளவு? நான் பெருஞ்சித்திரனார் கட்சி, அவள் வள்ளுவர் கட்சி என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். நோட்டைப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. மொய் என்ற தலைப்பு பால், காய்கறிக்கு மேலே, தவணைக்கு அடுத்தாற்போல இருந்தது. காரணம் கேட்டேன். "அவங்க எல்லாம் நமக்கு வச்சவங்க" என்றாள். வேண்டியவர்களுக்குத் தருவதையும் பட்டதை அடைப்பதையும் அவளும் பிரிக்கவில்லை.

என் தாத்தா ஞாபகம் வருகிறது. சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானபோது 1938 இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். அசலைப் போல இரண்டு பங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் கடன் அதோடு தீர்ந்தது என்பது அதில் ஒரு விதி. தாத்தா அதில் தப்பினவர். கோர்ட்டில் கடன் தீர்ந்துவிட்டது. ஆனால் கடன் கொடுத்தவர் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் வெறுங்கையோடு போனதில்லை என்று பாட்டி சொல்வாள். சட்டம் அவரை விடுவித்துவிட்டது. அவருடைய கணக்கு வேறாக இருந்திருக்க வேண்டும்.

பெருஞ்சித்திரனாரை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் மனம் வரவில்லை. சேர்வராயன் கோயில் மேட்டில் நின்று வடக்கே பார்த்தால் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் வெளுத்துக்கொண்டே போகின்றன. அந்தத் திசையில்தான் தகடூர், இன்றைய தருமபுரி. அதியமானின் ஊர். அங்கேயும் இவர் போயிருக்கிறார். அதியமான் நேரில் பாராமலே 'இதை வாங்கிக்கொண்டு போகட்டும்' என்று பரிசிலைக் கொடுத்தனுப்பினான். நான் வியாபாரி இல்லை. என்னை அறிந்து, அன்போடு தந்தால் தினையளவானாலும் இனிது என்று சொல்லிவிட்டார். வேறொரு சமயம் இளவெளிமான் கொஞ்சமாகக் கொடுத்தான் என்று கோபித்துக்கொண்டு, பிறகு குமணனிடம் யானை வாங்கி வந்து, அதை இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிவிட்டு, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தார். ரசிகனாக எனக்கு உடல் சிலிர்க்கிறது. தவணை கட்டுகிறவனாக, ஐயா, அது ஒரு முழு யானை என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்தப் பாட்டுகளில் எது முந்தி, எது பிந்தி என்று தொகுப்பு சொல்லுவதில்லை. உப்பில்லாத கீரை வெந்துகொண்டிருந்தபோதுதான் அதியமானின் பரிசில் மறுக்கப்பட்டதா? அப்படியானால் அந்தச் செய்தி வீட்டுக்கு வந்த அன்று அவள் என்ன சொன்னாள்? நானூறு பாட்டில் அதற்கு ஒரு பாட்டு இல்லை. ஆண் எழுதிய ஏழ்மையில் மானம் ஆணுடையது, அடுப்பு பெண்ணுடையது. இதுதான் என் புகார். இந்தப் புகார் என் நாவலுக்கும் பொருந்தும். என் கதாநாயகனின் மனைவி நானூறு பக்கத்தில் ஒரே ஒரு காரியம்தான் செய்கிறாள், தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுக்கிறாள். இளங்கோவடிகள்கூட இதில் என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறார். குலப்பொருள் தொலைந்தது வெட்கமாக இருக்கிறது என்று கோவலன் சொல்லும்போது, கண்ணகி முகத்தில் முறுவலோடு சிலம்பு இருக்கிறது என்கிறாள். அந்த முறுவலை அவர் மறக்காமல் வைத்தார். நான் வைக்கவில்லை.

சிரிப்பைப் பற்றிப் பேசினால் விவேக சிந்தாமணியில் ஒரு பாட்டைச் சொல்லாமல் போகக்கூடாது. பசு கன்று போடுகிறது, அதே சமயம் மழை கொட்டி வீடு விழுகிறது, மனைவிக்கு உடம்பு சரியில்லை, வேலையாள் செத்துப்போகிறான், ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டுமே என்று விதையை எடுத்துக்கொண்டு ஓடினால் வழியில் கடன்காரர் மறிக்கிறார், எதிரே சாவுச் செய்தி வருகிறது, விருந்தாளி வருகிறார், பாம்பு கடிக்கிறது, அரசன் ஆள் வரி கேட்கிறான், கடைசியாகக் குருக்கள் வந்து தட்சிணை என்று கையை நீட்டுகிறார். யார் எழுதியதோ. ஆனால் எழுதியவன் கடன்பட்டவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டு மூன்று துன்பத்துக்குமேல் தோன்றாது. இரக்கம் அவன் வாயை அடைத்துவிடும். உள்ளே இருக்கிறவன்தான் 'இன்னும் கேள்' என்று அடுக்குவான். பாம்புக்குப் பிறகும் இரண்டு பேர் வருகிறார்கள் பாருங்கள், அங்கேதான் சிரிப்பு. ஒருவேளை நம்பிக்கை என்று புத்தகங்களில் சொல்லுகிறது இதுவாகவும் இருக்கலாம்: தன் கஷ்டத்தை எண்ணிச் சொல்ல முடிகிற அளவுக்கு அதிலிருந்து ஒரு அடி தள்ளி நிற்பது. கணக்கு நோட்டும் அதைத்தான் செய்கிறது.

இந்த மலையில் இதெல்லாம் ஏட்டுச் செய்தி இல்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காப்பி கொண்டுவந்த நாளிலிருந்து மலையின் வரவு வருஷத்துக்கு ஒரு முறைதான். பங்குனி சித்திரையில் பூமழை விழுந்தால் பூக்கும். கார்த்திகை தொடங்கிப் பழம் பறிப்பார்கள். நடுவில் உரத்துக்கும் கூலிக்கும் கடன். 1989 இல் சர்வதேச காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை முறிந்து, உலகச் சந்தையில் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. 2001-ஐ ஒட்டி மறுபடி அதலபாதாளம். எங்கோ தூரத்தில் எவரோ கையெழுத்துப் போடாமல் எழுந்து போனதற்கு இங்கே சில்வர் ஓக் நிழலில் இரண்டு ஏக்கர் வைத்திருந்தவர் வட்டி கட்டினார். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்லும்போது மிளகுக்கொடியைத் தடவிக்கொண்டே சொல்வார். மரத்தில் ஏறியிருந்த மிளகுதான் வீட்டுக்கு உப்பு வாங்கியதாம். அவரும் விவேக சிந்தாமணிக்காரர் மாதிரித்தான் அடுக்குவார். கடைசியில் காட்டெருமை வந்து வேலியை மிதித்ததைச் சொல்லும்போது தானே சிரித்துவிடுவார்.

அதே 1989 இல்தான் அதியமான் நாடான தருமபுரியில், அரசாங்கத் திட்டமொன்றின் கீழ், பெண்களின் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பித்தன. பிறகு தமிழ்நாடு முழுவதும் பரவின. பத்துப் பதினைந்து பெண்கள் வாரா வாரம் கொஞ்சம் போட்டு, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கிக்கொள்வது. அதன் குறைகளையும் கேட்டிருக்கிறேன். ஒரு குழுவுக்குக் கட்ட இன்னொரு குழுவில் வாங்குகிறவர்கள் உண்டு. பின்னால் வந்த தனியார் நிதிக்காரர்கள் அந்தக் குழு முறையையே வாசலில் உட்கார்ந்து வசூலிக்கிற கருவியாக்கிய கதையும் உண்டு. ஆனால் பிள்ளை காய்ச்சலில் கிடக்கும் இரவில் ஒருத்தி கதவைத் தட்டினால் இன்னொருத்தி நோட்டில் எழுதிக்கொண்டு கொடுப்பது, பெருஞ்சித்திரனாரின் மனைவிக்கு விளங்காத காரியமாக இருந்திருக்காது.

சேலத்து வாசகருக்குப் பதில் எழுதிவிட்டேன். கடன் வாங்கியிருக்கிறேன், அந்த நாவலே கடன்தான், சிரிப்பை விட்டது என் பிழை என்று எழுதி, ஒரு பிரதியும் சேர்த்து அனுப்பினேன். எழுநூறில் ஒன்று குறைந்தது. தபால் செலவை மனைவி எந்தத் தலைப்பில் எழுதினாள் என்று பார்க்கவில்லை.

நேற்று மாலை பனி இறங்கியிருந்தது. போன வாரம் பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டிலிருந்து வாங்கிய காப்பிப்பொடியைத் திருப்பிக் கொடுக்க அவள் அதே டம்ளரில் அளந்துகொண்டிருந்தாள். விளிம்பு மட்டத்துக்கு வந்தபின்னும் இன்னொரு கரண்டி போட்டுக் கோபுரமாக்கினாள்.

"மட்டம் போதாதா? வாங்கின அளவுதானே குடுக்கணும்?" என்றேன், பரிமேலழகர் பலத்தில்.

"அந்தம்மா குடுத்தப்போ இப்படித்தாங்க குடுத்தாங்க. நீங்க பாக்கல" என்று சொல்லிவிட்டு, சிந்தாமல் ஒரு கையால் மூடிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.